ஆரஞ்சு மூடி டப்பா

என் கணவன் வெண்டல் ஒன்பது மணிக்குப் படுக்கப் போக ஆரம்பித்த வாரத்திலேயே எனக்குப் பொறி தட்டியது. இருபத்தெட்டு வருஷமாக டிவி முன்னால் வாயைப் பிளந்து கிடந்து, நான் உலுக்கினால்தான் கட்டிலுக்கு வருகிற மனிதன். ஐம்பத்தாறு வயதில் திடீரென்று ஒழுங்காகிற ஆணை நான் நம்புவதில்லை. பின்னால் ஒருத்தி இருப்பாள்.

முதலில் சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம் வேண்டாம் என்றான். அடுத்து பீர் போயிற்று. சாப்பிட்டதும் நாற்பது நிமிடம் நடை, அதுவும் தனியாக. போனைச் சமையலறை இழுப்பறையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுக்கையறைக்குள் வருவான். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு பெரிய கோப்பை காப்பி குடிக்காமல் அவனுக்கு இறங்காது, அதையும் மாற்றினான். காஃபீன் நீக்கிய தூளாம், தூக்கத்தைக் கெடுக்காதாம். ஆரஞ்சு மூடி போட்ட டப்பாவை எங்கள் சிவப்பு மூடி டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"யாருக்காக இந்த அலங்காரம்?" என்று கேட்டேன்.

"எனக்காகத்தான் மார்லிஸ். நல்லாத் தூங்கணும்."

"இத்தனை வருஷம் தூங்காமலா குறட்டை விட்டே?"

"குறட்டை வேற, தூக்கம் வேற."

இது அவன் பேச்சே இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

யாரென்று ஏப்ரலில் தெரிந்தது. குளிர்பெட்டியில் புளிப்புச் செர்ரிச் சாறு ஒரு பாட்டில். எங்கள் வடக்கு மிஷிகனில் செர்ரிக்கா பஞ்சம், அது பெரிதில்லை. அதில் ஒட்டியிருந்த சீட்டுதான் பெரிது. 'படுக்க ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு சின்ன கிளாஸ். ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு காலையில சொல்லு. கொரின்.'

வெண்டல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். எந்த வண்டி யாருக்கு, எந்தப் பாதை யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பவள் கொரின். அவள் அப்பாவுக்குச் செர்ரித் தோட்டம். போன வருஷம்தான் விவாகரத்து. பாட்டிலைப் பிடித்துக்கொண்டே அந்தச் சீட்டை மறுபடி படித்தேன். இந்த ஆளை விட்டால் எனக்கு வேறு யாரும் கிடையாது.

என் தங்கை ரோவீனாவுக்கு போன் போட்டேன். "உடனே கத்தித் தொலைக்காதே. விட்டுப் பிடி," என்றாள்.

விட்டுப் பிடித்தேன். ஒன்பது மணிக்கு எனக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறானே, அது தூக்கமா நடிப்பா? கண்டுபிடிக்க ஒரு வழி தோன்றியது. மே மாதம் முதல் திங்கட்கிழமை, அவன் வேலைக்குப் போனதும் ஆரஞ்சு மூடி டப்பாவைக் குப்பையில் கவிழ்த்து, சிவப்பு டப்பாத் தூளை அதில் நிரப்பினேன். நிஜக் காப்பி, நல்ல கறுப்பு. இதைக் குடித்துவிட்டும் அசையாமல் கிடந்தால் ஆள் நடிக்கிறான் என்று அர்த்தம்.

அசையாமல் கிடக்கவில்லை. புரண்டான், எழுந்து உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி புரண்டான். அதைப் பார்த்தாவது நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கோ வேறு மாதிரி பட்டது. மனசு உறுத்துகிறது இவனுக்கு, நன்றாக உறுத்தட்டும் என்று காப்பியை இன்னும் கொஞ்சம் கெட்டியாகவே போட்டேன்.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. வியாழக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அவன் வழக்கம்போலத் தொப்பியை எடுத்தான். தெருமுனை தாண்டும்வரை பொறுத்து, காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஊர் எல்லையில் இருக்கும் ரயில் பாதைவரை நடந்து, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றான். சும்மா நின்றான். தீவனக் கடைக்குப் பின்னால் காரை நிறுத்திக்கொண்டு நானும் பார்த்தேன்.

பத்து நிமிடத்தில் கொரினின் நீல வண்டி வந்தது. இறங்கினாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

அதற்குமேல் எங்கே விட்டுப் பிடிப்பது? காரைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தினேன்.

"எந்த வீட்டுச் சாவி அது? வாடகைக்கு எடுத்தாச்சா, இல்ல இவ வீடேவா?"

வெண்டல் என்னைப் பார்த்த பார்வையில் பயம்கூட இல்லை. அவ்வளவு களைத்திருந்தான். கொரின்தான் பதில் சொன்னாள். "மார்லிஸ், இது பதினேழாம் நம்பர் பஸ் சாவி."

"எதுக்கு உன்கிட்ட குடுக்கிறான்?"

"இனிமே ஓட்ட மாட்டாராம்."

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் எந்தத் தண்டவாளத்துக்கு முன்னாலும் நிறுத்தியாக வேண்டும். ரேடியோவை அணைத்து, கதவையும் ஜன்னலையும் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்கலாம். அந்த நேரத்தில் குழந்தைகளும் மூச்சுக் காட்ட மாட்டார்கள் என்று வெண்டல் பெருமையாகச் சொல்வான்.

"செவ்வாய்க்கிழமை காலையில நான் இங்க நிறுத்தல," என்றான் என்னிடம். "கண்ணு சொக்கிருச்சு. முழிச்சப்ப பஸ் அந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருக்கு. பின் சீட்டுக் குட்டி டெஸ்ஸா கேக்கிறா, 'மிஸ்டர் வெண்டல், இன்னைக்கு நாம ரயிலைக் கேக்கவே இல்லையே?'ன்னு."

நான் தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"குளிர்காலத்திலயே ஒரு தடவை சொக்கிச்சு. அப்பதான் இவகிட்ட சொன்னேன். இவ அப்பாவும் செர்ரி லாரி ஓட்டி இப்படித்தான் அவஸ்தைப்பட்டாராம். செர்ரி, நடை, காப்பி எல்லாம் இவ சொன்னதுதான். உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னு விட்டுட்டேன். ஆறு வாரம் கட்டையாட்டம் தூங்கினேன், மார்லிஸ். ரெண்டு வாரமா போச்சு. எதையும் விடல, எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். என் உடம்புதான் கெட்டுப்போச்சு."

கொரின் சாவியை அவனிடமே நீட்டிக்கொண்டு நின்றாள். "இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கே. டாக்டரைப் பாரு மொதல்ல. ரெண்டு வாரத்தில என்ன மாறுச்சு? சாப்பாட்டுல ஏதாச்சும்?"

"ஒண்ணும் மாறல," என்றான் வெண்டல். "சாப்பாடெல்லாம் மார்லிஸ்தான் பாத்துக்கிறா."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் வீட்டோடு இருந்திருப்பான், கொரினைப் பார்க்கவே வேண்டியிருக்காது, எனக்கு வேண்டியதெல்லாம் அதுதானே.

"ஆரஞ்சு டப்பாவில இருக்கிறது நிஜக் காப்பி," என்றேன். "நான்தான் மாத்தினேன்."

வெண்டல் என் பக்கம் திரும்பினான். "ஏன்?" என்றான்.

நான் கொரினைப் பார்த்தேன். ஏனென்று அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. முகம் சிவந்து தலையைத் திருப்பிக்கொண்டாள். சாவியைத் திருப்பித் தரவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வெண்டல் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"பஸ்ஸில இருபத்தாறு பேர், மார்லிஸ்," என்றான்.

கார்க் கதவைத் திறந்து பிடித்தேன். அவன் ஏறவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுப் பக்கமாக நடந்து போனான்.