இஸ்க்ராவுக்கு அவித்த கோதுமை

எங்கள் ரெகோவோ ஊரில் உயிரோடிருப்பவன் ஒட்டுகிற நோட்டீசுக்கு அரை நாள் கூட ஆயுசு கிடையாது. செத்தவனுக்கு ஒட்டுவதை ஒருத்தனும் தொட மாட்டான். கருப்புக் கரை, நடுவில் போட்டோ, கீழே அழுகிற குடும்பத்தின் பெயர்கள். வீட்டுக் கதவு, பஸ் நிறுத்தம், ரொட்டிக்கடைச் சுவர், எங்கே ஒட்டினாலும் மழைதான் அதைக் கிழிக்க வேண்டும். மனுஷன் கை வைத்தால் அடுத்த சாவு அவன் வீட்டில்தான் என்று பயம். குப்பை வண்டிக்காரனுக்கும் பயம், மேயருக்கும் பயம்.

இந்தப் பயத்தை வைத்து ஒரு காரியம் செய்யலாம் என்று முதலில் யோசித்தவள் இஸ்க்ரா.

நான் வெலிச்கா, ஊர் வாசகசாலையின் பொறுப்பாளர். நாடகம், நடனம், பாட்டுப் பயிற்சி, ஒழுகுகிற கூரை எல்லாம் என் தலையில்தான். இஸ்க்ரா பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர், என் நாடகக் குழுவில் எந்த வேஷம் கொடுத்தாலும் கட்டுவாள். புருஷன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். மகள் லோராவுக்கு ஐந்து வயது. ஆற்றங்கரையில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை இருக்கிறதே, அந்தப் பாழாய்ப்போன புகை குழந்தையின் ரத்தத்தில் இறங்கிவிட்டது. புகை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆலைக்காரன் இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டான். வியாழக்கிழமை நகராட்சியில் வாக்கெடுப்பு. எங்கள் நகராட்சியில் ஒரு விதி உண்டு. ஊர்க்காரர்கள் இருநூறு பேர் இரண்டாவது மாடியில் இருக்கும் மன்றத்துக்குள் நேரில் வந்து வேண்டாம் என்று கை தூக்கினால், வாக்கெடுப்பை ஒரு வருஷம் தள்ளிப்போட்டே ஆக வேண்டும். அதற்குள் ஆலையின் பழைய உரிமமும் முடிந்துவிடும், பிறகு அவன் கடையைக் கட்ட வேண்டியதுதான். இருநூறு பேர் மாடி ஏறினால் போதும், லோரா பிறந்த வீட்டிலேயே வளரலாம்.

கை தூக்க வாருங்கள் என்று வண்ண வண்ணமாய் நோட்டீஸ் வரைந்து ஒட்டினோம். மத்தியானத்துக்குள் சுவர் மொட்டையாக நின்றது. அப்போதுதான் இஸ்க்ரா சாவு நோட்டீஸ் யோசனையைச் சொன்னாள்.

முதலில் ஆற்றுக்கு ஒட்டினோம். ‘எங்கள் அன்பு ஆறு நெடுநாள் நோயுற்றிருந்து நம்மை விட்டுப் பிரிந்தது. துயரத்தில் வாடுவோர்: மீன்கள், தவளைகள், கோடையில் குளித்த பிள்ளைகள்.’ அப்புறம் பிளம் தோப்புக்கு. அப்புறம் மேற்குத் தெருத் தேனீக்களுக்கு. ஒன்றையும் யாரும் கிழிக்கவில்லை! குப்பை வண்டிக்காரன் துடைப்பத்தோடு வந்து, படித்து, சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ரொட்டிக்கடை வரிசையில், "ஆத்துக்குக் காரியம் எப்போ? சாப்பாடு உண்டா?" என்று கேலி பேசினார்கள். பேசினால் போதும் எங்களுக்கு.

திங்கட்கிழமை காலை இஸ்க்ராவின் கதவில் ஒரு நோட்டீஸ் இருந்தது. நாங்கள் ஒட்டியது இல்லை. அவள் போட்டோ, அவள் பெயர். ‘திடீரென நம்மை விட்டுப் பிரிந்தார்.’ தேதி, வருகிற வியாழன்.

உள்ளூரில் இதையெல்லாம் அச்சடிப்பவர் சவப்பெட்டிக் கடை ஹரலம்பி ஒருவர்தான். நேரே போய்ப் பிடித்தேன்.

"என் கண்ணாணை நான் அடிக்கல வெலிச்கா. வெளியூர்லேருந்து வந்திருக்கு, காகிதத்தப் பாரு."

"யாரு குடுத்தான்னு தெரியுமா, தெரியாதா?"

"ஊருக்கே தெரியும். எதுக்கு என் வாயக் கிளர்ற?"

திரும்பி வந்து அந்தச் சனியனைக் கிழிக்கப் போனேன். இஸ்க்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? பச்சப் புள்ளய வச்சிருக்கறவ கதவுல இது இருக்கலாமாடி? இரு, போலீசுக்குப் போறேன்."

"போலீஸ்காரன் சித்தப்பாவுக்கு ஆலையில வேலை. அக்கா, இந்த ஊர்ல ஆர்ப்பாட்டம்னா எத்தன பேர் வருவான்?"

"நானும் என் நாய்க்குட்டியும்."

"சாவுன்னா?"

சாவென்றால் ஊரே வரும். பேச்சுவார்த்தை இல்லாதவன் கூட வருவான்.

"ஆலைக்காரன் தேதி குறிச்சிட்டான், நாம சாவ எடுத்திருவோம். நாடகத்துக்குச் செஞ்ச சவப்பெட்டி உங்க கொட்டகையிலதான கிடக்கு? அதுல நான் படுத்துக்கறேன். ஊர்வலமா நகராட்சி வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போங்க. அங்க எந்திரிச்சுச் சொல்றேன், நான் சாகல, வாங்க மேலன்னு. வந்தவங்க அப்படியே ஏறிருவாங்க."

"வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு! பெட்டியில படுக்கறாளாம்."

திட்டினேனே தவிர, எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வியாழக்கிழமை எடுக்கிறோம் என்று ரொட்டிக்கடை வரிசையில் சொல்லிவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் பெரிய பானையில் கோதுமையை அவித்துச் சர்க்கரை தூவி வைத்தேன். சாவு என்றால் அது இல்லாமல் முடியாது.

வியாழக்கிழமை ஊரே வந்தது, சும்மா சொல்லக்கூடாது. எல்லோரும் கருப்பு உடுத்தி, செத்தவருக்குக் கொண்டுபோகிற மாதிரி கையில் இரட்டைப் படையில் பூ வைத்திருந்தார்கள். ஆலைச் சட்டையை மாற்றிக்கொண்டு ஆண்களும் வந்தார்கள். என் நாடகப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்க, இஸ்க்ரா வெள்ளைச் சட்டையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நகராட்சிப் படிக்கட்டில் பெட்டியை இறக்கினோம். இஸ்க்ரா எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பெண்கள் வீலென்று கத்தி வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான் சத்தம்.

"நான் சாகல!" என்றாள். "என்னக் கொல்லத் தேதி குறிச்சாங்க, இந்தா உக்காந்திருக்கேன். என் புள்ள ரத்தத்துல ஈயம் இருக்கு. உங்க புள்ளைங்க ரத்தத்துலயும் இருக்கு, நீங்க பாக்கல, அவ்ளோதான். மேல வாங்க. ரெண்டே மாடி. ஒரு கை தூக்குங்க, போதும்!"

எல்லோரும் தலை குனிந்து கேட்டார்கள், கல்லறையில் பாதிரியார் பேசும்போது கேட்பார்களே, அந்த மாதிரி. அவள் பேசி முடித்ததும் ஹரலம்பி முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு பூவை அவள் மடியில் வைத்து, "ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று செத்தவருக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால் ஊரே வரிசை கட்டிவிட்டது.

"என்ன பண்றீங்க? நான் உயிரோடதான இருக்கேன்! ஸ்தாங்கா, என்னப் பாருடி!" என்று இஸ்க்ரா கத்தினாள். பக்கத்து வீட்டு ஸ்தாங்கா அவள் முகத்தைப் பார்க்காமல் பூவை வைத்தாள். "ஆண்டவன் மன்னிக்கட்டும்." அடுத்தவள் வைத்தாள். அதற்கடுத்தவன் வைத்தான். பூ குவிந்தது. அவள் ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்து இழுத்தாள், அவர்கள் மெல்ல விடுவித்துக்கொண்டு என் பானைப் பக்கம் வந்து, கோதுமையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஸ்தாங்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அறிவு இருக்காடி உனக்கு? மாடிக்கு ஏறு!"

"சாவுக்கு வந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டான் அக்கா. மாடிக்கு ஏறினா நாளைக்குக் காலைல என் வீட்டுக்காரர ஆலை வாசல்லயே நிறுத்திருவான்." அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். "என்னால முடிஞ்சது இதுதான்."

மேலே பார்த்தேன். மன்றத்து ஜன்னலில் ஆலை மேலாளர் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தான்.

நாங்கள் பதினோரு பேர் மாடி ஏறினோம், பெட்டி தூக்கிய பிள்ளைகளையும் சேர்த்து. இஸ்க்ராவின் சட்டையில் பூவிதழ் ஒட்டியிருந்தது. வாக்கெடுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். யாரும் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. ஊர் அவளைப் புதைத்துவிட்டது, அவ்வளவுதான். ரொட்டிக்கடைக்காரி ரொட்டியைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தெருவில் எதிரே வந்தால் ரகசியமாய்ச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பள்ளியில் பிள்ளைகள் லோராவிடம், "உங்கம்மா செத்துட்டாங்களாமே, யாரு உனக்குத் தலை வாரறது?" என்று கேட்டிருக்கின்றன. அன்று ராத்திரி இஸ்க்ரா பெட்டி படுக்கையைக் கட்டினாள். காலை பஸ்ஸில் ஏற்றிவிட நான் ஒருத்திதான் போனேன்.

"பெரிய நகரத்துல காத்து நல்லா இருக்குமாக்கா?" என்றாள்.

"இத விட நல்லாத்தான் இருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த வியாழனிலிருந்து நாற்பதாம் நாள் காலை இஸ்க்ராவின் கதவில் புது நோட்டீஸ் இருந்தது. ‘இஸ்க்ரா இல்லாத நாற்பது நாட்கள்.’ இந்தத் தடவை காகிதம் ஹரலம்பியுடையது. அவரே காசு வாங்காமல் அடித்திருக்கிறார், மரியாதைக்காக. ஆலைப் பக்கம் புதுப் புகைக்கூண்டுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டிய வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. தட்டில் அவித்த கோதுமை, ரொட்டி, மெழுகுவத்தி. ஸ்தாங்கா செத்தவளுக்கென்று வாசற்படியில் ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தாள், கண் சிவந்திருந்தது. நடிப்பு இல்லை. நிஜமாகவே அழுகிறாள்!

"என்ன ஊருடா இது!" என்று கத்தினேன். "அவ உயிரோட இருக்கா! அஞ்சாவது மாடியில ஒத்த ரூம்ல கிடக்கா! இருங்க, காட்டறேன்."

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். சத்தத்தைக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள் இஸ்க்ரா. பின்னால் லோரா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

ஒருவரும் நிமிரவில்லை.

"பேசுங்கடி அவகிட்ட! யாராவது ஒரு வார்த்த பேசுங்க!"

ஸ்தாங்கா தட்டை என் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கோங்கக்கா. அவ பேருக்கு."

போனில் இஸ்க்ரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாப்பதாம் நாளா?" என்றாள்.

"ஆமாடி."

"எத்தன பேர் வந்திருக்காங்க? இருநூறு பேர் இருப்பாங்களா?"

வாசல், வேலி, தெரு என்று பார்த்தேன். ரொட்டிக்கடை முக்கு வரைக்கும் கருப்பாக நின்றது.

"தாண்டும்" என்றேன்.

"சரிக்கா. எல்லாருக்கும் கோதுமை கிடைச்சுதான்னு பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எல்லோருக்கும் கிடைத்தது.