மேனேஜர் வழிவிட வேண்டும்

பத்துச் சொட்டாவது இருக்கும். தம்பி எண்ணி விடவில்லை. பாட்டிலைக் கவிழ்த்து உதறியதில் அத்தனை சொட்டு விழுந்தது. லாவெண்டர் எண்ணெயில் நனைந்த துண்டைச் சுருட்டி அக்காவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கட்டிலின் மேல் அக்கா கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். இரவு படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் மேனேஜர் இருந்தது.

மேனேஜர் அக்காவின் நாய். முன்னறையில் அவள் நடத்திய கடையில் ஊர் நாய்களுக்கெல்லாம் குளியலும் முடிவெட்டும் நடக்கும். மேனேஜர் வாசலில் படுத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு நாயையும் முகர்ந்து பார்த்த பிறகே உள்ளே விடும். அதனால்தான் அந்தப் பெயர். ஒரு நாளும் யாரையும் கடித்ததில்லை. இன்றைக்கு ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேரில் ஒருவருடைய பேன்ட்டை முழங்கால்வரை கிழித்துவிட்டது.

சுடுகாட்டுக்குப் போகிற வண்டி வாசலில் நின்றது. நான்கு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். நாய் பிடிக்கிறவர்களுக்கு ஒரு போன் போட்டால் சுருக்கு மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மாமா போனும் கையுமாக நின்றார். அப்படிப் போனால் திரும்பக் கிடைக்குமா என்று தம்பி கேட்டான்.

"கடிக்கிற நாயை யாருப்பா திருப்பித் தருவாங்க?"

அக்காவுக்கென்று கணவன் இல்லை, பிள்ளை இல்லை. இந்தக் கட்டிலில் அவள் காலடியில் படுத்த உயிர் இது ஒன்றுதான். தன் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் மனைவிக்கு நாய் என்றாலே கை கால் உதறும். தினமும் வந்து சாப்பாடு வைக்கிறேன், வீட்டுக்குள் மட்டும் வேண்டாம் என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சின்ன வயதில் வாங்கிய கடியின் தழும்பு இன்னும் காலில் இருக்கிறது.

மிரண்ட நாய் வந்தால் அக்கா இந்தப் பாட்டிலை எடுப்பதைப் பார்த்திருந்ததால்தான் துண்டை நனைத்தான். துண்டு உள்ளே போனதுதான் தாமதம், மேனேஜர் அடுக்கடுக்காகத் தும்மியது. தலை கட்டில் சட்டத்தில் மோதியது. உறுமல் ஊளையாக மாறியது. கட்டில் ஆடியதில் அக்காவின் கை போர்வையிலிருந்து சரிந்து வெளியே தொங்கியது. அதை எடுத்து வைக்கக்கூட ஒருவராலும் கிட்டே போக முடியவில்லை.

சத்தம் கேட்டுக் கத்தரி ஓடி வந்தாள். அக்காவோடு எட்டு வருடமாக வேலை பார்ப்பவள். முடிவெட்டும் பொறுப்பு அவளுடையது என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் கத்தரிதான். துடைப்பக் கட்டையால் துண்டை வெளியே இழுத்துப் போட்டாள், ஜன்னலைத் திறந்தாள், தம்பி கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி அவன் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா தம்பி?"

அக்காவின் கோணல் எழுத்து. 'நாய்க்கு அல்ல. எனக்கு. ஒரு சொட்டு.'

நமக்கு வாசனையாக இருப்பது நாயின் மூக்குக்கு அறை வாங்கியதுபோல என்று கத்தரி விளக்கினாள். மிரண்டுபோன நாய் கடைக்கு வந்தால் அக்கா ஒரு கரண்டி சமையல் எண்ணெயில் இதில் ஒரு சொட்டு கலந்து தன் மணிக்கட்டில் தேய்த்துக்கொள்வாளாம். நாய்க்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்காருவாளாம். கூப்பிட மாட்டாள், பார்க்க மாட்டாள். அவள் மூச்சு சீரானதும் நாய் தானாக வரும்.

"நாய் நம்ம மூச்சைத்தான் பாக்கும்னு சொல்லுவாங்க. நீங்க காலையிலேர்ந்து ஒரு இடத்துல உக்காரவே இல்லையே தம்பி."

உண்மைதான். டாக்டர், சான்றிதழ், வண்டி, நாற்பது போன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் 'பதறாதீங்க, வந்துட்டேன்' என்று சொல்வதே அவன் பிழைப்பு. அவனிடம் அப்படிச் சொல்ல இருந்தவள் கட்டிலில் கிடந்தாள்.

எல்லோரையும் வெளியே அனுப்பினான். ஒரு சொட்டைச் சமையல் எண்ணெயில் கலந்து மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வாசனை பிடிபட்டது. இது அக்காவின் வாசனை. அவள் போடும் சோப்பு என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தான். எந்த நாயின் வாயிலும் கையை விடுகிறவள், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறான். அவளுக்கும் ஒவ்வொரு நாளும் பயம் இருந்திருக்கிறது. தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, அது தணிந்த பிறகு எழுந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அடக்காமல் அழுதான்.

அழுது ஓய்ந்து மூச்சு இறங்கியபோது பின்னால் தரையில் நகம் உரசியது. அவன் திரும்பவில்லை. ஈர மூக்கு ஒன்று மணிக்கட்டைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. பிறகு மேனேஜர் பெருமூச்சு விட்டுக்கொண்டு அவன் தொடையோடு ஒட்டிப் படுத்தது.

மெல்ல எழுந்து அக்காவின் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தான். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டான். ஸ்ட்ரெச்சரை அவர்கள் தூக்கியபோது மேனேஜர் எழுந்து நின்று வழிவிட்டது. பின்னாலேயே வாசல்வரை நடந்தது.

மாமா போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "சரி, போயிட்டு வந்ததும் இதை எங்கே விடறது?" என்றார்.

தம்பி, தன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். பிறகு நாயை நன்றாகச் சுற்றிக்கொண்டு கத்தரியிடம் போனாள். கையை நீட்டி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"எனக்கும் ஒரு சொட்டு."

கத்தரி பாட்டிலின் மூடியைத் திறந்தாள்.