பிறந்த நேரம்

என் அம்மா சுப்புலட்சுமிக்கு நேரம் என்றால் பிறந்த நேரம்தான். மற்றதெல்லாம் அவளுக்கு வெறும் மணி.

அண்ணன் அசோக்குமாருக்கு நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. அவன் தமிழ்நிலாவைக் காதலிப்பது எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். கடைசியாகத் தெரிந்தது அம்மாவுக்கு. தமிழ்நிலா மந்தாரக்குப்பத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டார் இந்த மண்ணிலேயே அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து மைன்ஸ் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தவர்கள். அம்மாவுக்குப் பொருந்தாதது சாதி. அதைச் சொல்ல வாய் கூசியதால் ஜாதகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்நிலா தன் அம்மா சாமியம்மாளோடு வீட்டுக்கு வந்தாள். காபி ஆறுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"பொண்ணு நேரம் என்ன?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுங்க" என்றார் சாமியம்மாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்தாள்.

"வேலை நேரம் கேக்கலைங்க. பொறந்த நேரம்."

"அதத்தாங்க சொல்றேன். இவ அப்பா அப்ப மைன்ஸ்ல கான்ட்ராக்ட் கூலி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குக் கெளம்பிக்கினு இருந்தாரு. வூட்டுலயே பொறந்துட்டா. மணிய யாருங்க பாத்தா?"

"அத வச்சு ஜாதகம் கணிக்க முடியாதே." அம்மா முகத்தில் நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது. "இவனுக்கும் இப்ப நேரம் சரியில்ல. கொஞ்ச காலம் போகட்டும்."

அந்தக் கொஞ்ச காலம் எந்தக் காலண்டரிலும் இல்லை. தமிழ்நிலாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகும்வரை அது நீளும்.

"எவ்ளோ காலம்னு சொன்னா நல்லாருக்குங்க. வேற எடத்துலேந்தும் கேட்டுக்கினு இருக்காங்க. நான் பதில் சொல்லணும்" என்றார் சாமியம்மாள்.

"வேளை வந்தா தன்னால நடக்கும்" என்றாள் அம்மா.

தமிழ்நிலா என் அம்மாவைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"ஜாதகமெல்லாம் பாக்க மாட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்கல்ல? அத இங்க சொல்லுங்க."

அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை போதும். அம்மா அழுவாள், சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள், அப்புறம் புடவை எடுக்க அவளே முதலில் கிளம்புவாள். அவளை எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவன் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்து வண்டிச் சாவியைத் தேடினான்.

"செகண்ட் ஷிஃப்ட். நேரமாச்சு" என்றான்.

ஷிஃப்ட் தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதைத் தமிழ்நிலாவும் அறிவாள்.

"ஆமாங்க, ஆயிடுச்சு" என்று அவளும் எழுந்தாள். "வாம்மா, போவலாம்."