கெமர் கோபுரத்தின் முன்னால் சிவகௌரி

1

நாகரிகங்கள் அழியும், கல் மட்டுமே சாட்சி சொல்லும்.

வாசகரே, இந்த வாக்கியம் 1994 பங்குனியில், லண்டன் பிளேஸ்டோவில், குக்கரின் ஒரு விசிலுக்கும் மறு விசிலுக்கும் இடையில் எழுதப்பட்டது. எழுதியவர் அருள்நேசன். அவர் அந்தக் கல்லைப் பார்த்ததில்லை. அது இருக்கும் தாய்லாந்தையும் பார்த்ததில்லை. பார்த்தது அவருடைய மனைவி சிவகௌரி. (இந்தக் கதையை எழுதுபவரும் அருள்நேசன்தான். தன்னை 'அவர்' என்று எழுதினால் கதைக்கு ஒரு கண்ணியம் வரும் என்று நினைக்கிறார். இதுவரை வரவில்லை.)

கதை பிறந்தது இப்படி. மனோர் பார்க்கில் இயங்கும் தமிழர் மன்றம் ஒன்றின் ஆண்டுமலருக்குக் கட்டுரை கேட்டார் மலர்க்குழுத் தலைவர் அம்பலவாணன்.

"கெமர் மன்னர் கட்டின கோயிலெல்லாம் எங்கடை ஆக்களின்ரை கைவேலைதான், ஐசே. அதை நிறுவி நாலு பக்கம் எழுதும்."

"ஆதாரம்?"

"அதை எழுதி முடிச்சாப் பிறகு தேடுவம். உம்மடை மனிசி அங்கை போனவதானே? படம் இருந்தாத் தாரும். படம் இல்லாட்டி ஆர் நம்புறது?"

படம் இருந்தது. ஒழுங்காக வந்திருக்க வேண்டிய கட்டுரை கதையாகிக் கெட்டுப்போனதற்கு அந்தப் படம்தான் காரணம்.

2

படத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோபுரம், ஒரு பக்கம் சரிந்த வாசல், வாசலுக்கு முன்னால் சிவகௌரி. அருகில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். அவர் அருள்நேசன் அல்ல.

விளக்கம் தேவை. 1987இல் லண்டனுக்கு வெளிக்கிட்ட சிவகௌரி பாங்கொக்கில் அடைபட்டுக் கிடந்தார். ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்சிக்காரன் அவருக்கும், முன்பின் தெரியாத பாலேந்திரா என்பவருக்கும் புருசன் பெண்சாதி என்று கள்ள மலேசியப் பாஸ்போர்ட் செய்தான். பிறகு இருவரையும் இன்னும் சிலரோடு ஒரு வான் வண்டியில் ஏற்றி, கம்போடிய எல்லைப் பக்கம் ஒரு மாகாணத்துக்குக் கொண்டுபோய், இடிந்த கோயிலையும் அருவியையும் காட்டிப் படம் எடுத்தான். எயர்போட்டில் கேட்டால் தேனிலவு என்று எடுத்துக் காட்ட.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கெமர் கோயில்கள் வரலாற்றில் பல காரியங்களுக்குப் பயன்பட்டிருக்கும். இந்தக் காரியத்தை ஆய்வாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.)

லண்டன் வந்து இரண்டு வருடத்தில் சிவகௌரி அருள்நேசனைக் கல்யாணம் செய்தார். பாலேந்திரா லண்டனிலேயே பார்க்கிங் என்ற பகுதியில் வேறொரு குடும்பமாக இருக்கிறார். கொண்டாட்டங்களில் கண்டால் தலையாட்டுவார். இவ்வளவும் அருள்நேசனுக்கு முதலே தெரியும். தெரியாமல் இருந்தது படத்தில் சிவகௌரி சிரிக்கும் சிரிப்பு. கண் சுருங்கி, பல்லுக்கு மேலே முரசும் தெரிய, வாயைப் பொத்தவும் மறந்த சிரிப்பு. ஐந்து வருட மணவாழ்க்கையில் அது ஒருநாளும் அவர் பக்கம் வந்ததில்லை.

3

"கௌரி, அது சிவன் கோயிலோ, விஷ்ணு கோயிலோ?"

"ஆருக்குத் தெரியும்? உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தருமோ?"

"சாமியைச் சொல்லுறன்."

"சிற்பங்கள்?"

"இருந்தது. ஒரு கல்லிலை ஒராள் படுத்திருந்தார், தலை இல்லை. பிறகு அருவிக்குப் போனனாங்கள். ஐயோ, என்ன குளிர் தெரியுமே! ஏஜென்சிக்காரன் போடச்சொன்ன ஜீன்சோடையே இறங்கீட்டன்."

"எல்லாரும் இறங்கினவையோ?"

சிவகௌரி அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன எழுதுறியள் இப்ப? அருவியும் தமிழர் கட்டினதே?"

4

தொடக்கம் ஒன்று: கெமர்ச் சிற்பியின் உளி பேசிய மொழி யாதெனில்—

(உளி பேசாது.)

தொடக்கம் இரண்டு: அருவியில் நீராடிய நங்கையர் சிலர், ஆடவரோ—

(ஆடவர் எங்கே நின்றார்கள்? கரையிலா, தண்ணீரிலா? இது ஆராய்ச்சிக்குத் தேவைதானா?)

தொடக்கம் மூன்று: பாலேந்திரா என்பவன்—

(வெட்டியாயிற்று.)

கதாசிரியர் தன் பாத்திரத்தைச் சந்தேகிப்பது நவீன உத்தி என்று அருள்நேசன் எங்கோ வாசித்திருக்கிறார். மனைவியைச் சந்தேகிப்பது மிகப் பழைய உத்தி. பாத்திரமும் மனைவியும் ஒரே ஆளாக இருந்தால் அது எதில் சேரும் என்று அவருக்கு விளங்கவில்லை. சந்தேகமும் முழுச் சந்தேகமாக இல்லை. அவர்கள் நடித்தார்கள், நடிக்கச் சொன்னது ஏஜென்சிக்காரன், எல்லாம் சரி. நடிப்பென்றால் முரசு தெரியுமா?

5

ஒருநாள் வேலையால் வந்தபோது சிவகௌரி தாள்களை எல்லாம் வாசித்து அடுக்கி வைத்துவிட்டு மேசையில் இருந்தார்.

"என்னப்பா, கேக்கிறதை நேரை கேளுங்கோ."

அருள்நேசன் கதிரையை இழுத்து இருந்தார். "நீர்... அந்தப் படத்திலை... அந்தக் கோபுரம் எத்தனை அடி இருக்கும்?"

சிவகௌரி தாள்களை ஒரு பக்கம் தள்ளினார். பிறகு அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"ஓம், அண்டைக்கு நான் சந்தோசமாத்தான் இருந்தனான். மூண்டு மாசம் ஜன்னல் இல்லாத அறையிலை கிடந்துபோட்டு வெளியிலை வந்தது. அதாலையோ, அந்தத் தண்ணியாலையோ, பக்கத்திலை நிண்ட மனிசன் பகிடி விட்டதாலையோ, எனக்கே தெரியாது. பிரிச்சுச் சொல்லச் சொன்னா ஏலாது."

"என்ன பகிடி?"

"மறந்துபோச்சு."

"கொஞ்சமும் ஞாபகம் இல்லையோ?"

"நீங்களும் ஒருக்கா விட்டுப் பாருங்கோவன். அஞ்சு வரியமாக் கட்டுரையெல்லே வாசிச்சுக் காட்டுறியள்."

6

முடிவு (அ): அருள்நேசன் ஒரு பகிடி விட்டார். சிவகௌரி கண் சுருங்கச் சிரித்தார். (மூன்று நாள் முயன்றும் அந்தப் பகிடி எழுத வரவில்லை. பகிடி இல்லாமல் சிரிப்பை மட்டும் எழுதினால் வாசகர் நம்பமாட்டார். சிவகௌரியும் நம்பமாட்டார்.)

முடிவு (ஆ): பாலேந்திராவுக்குப் போன் எடுத்து அந்தப் பகிடியைக் கேட்டார். (எடுத்தார். "ஹலோ, ஆர்?" என்று கேட்டது. வைத்துவிட்டார்.)

முடிவு (இ): இருவரும் அந்த மாகாணத்துக்குப் போனார்கள். அதே வாசல், அதே வெயில். அருள்நேசன் பக்கத்தில் போய் நின்றார். கமெராக்காரன் சிரிக்கச் சொன்னான். சிவகௌரி—

(இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.)

ஆகவே வாசகரே, இதில் ஒன்றை நீங்களே எடுத்து முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பகிடி விட வருமென்றால் (அ) நல்லது. எழுதியவருக்கு எது நடந்ததென்றும் தெரியவில்லை, எது நடக்கவேண்டுமென்றும் தெரியவில்லை.

ஆண்டுமலர் சித்திரையில் வெளிவந்தது. கட்டுரையும் ஒருவழியாக வந்தது, நாலு பக்கம். கோயிலைத் தமிழர்தான் கட்டினார்கள் என்று அதில் நிறுவப்பட்டிருக்கிறது. படமும் உண்டு. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பாலேந்திராவை அருள்நேசன் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டார். சிவகௌரியின் தோளில் ஒரு கை மிச்சம் இருக்கிறது.