அறுபது கால்களும் ஓர் ஊதாச் சுடரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். கோபத்தால் நான் கெட்டதே இல்லை. என்னைக் கவிழ்த்தது அந்த மூக்கு.

நான் கயல்விழி. தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறேன். ஐந்து வருடம் உட்கார்ந்து ஒரு கருவி கட்டினேன். கையில் பிடிக்கிற பகுதி பேனா அளவுதான், முனையில் ஊதா நிறத்தில் ஒரு சுடர். பெயர்தான் சுடர், சுடாது. மின்னலுக்குள் இருக்கிற, டியூப்லைட்டுக்குள் இருக்கிற அதே பிளாஸ்மாதான். விரலை நீட்டினால் கொஞ்சம் கூசும், அவ்வளவு சாது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் கட்டினேன். கொன்றது. ஆனால் தட்டில் சாவது வேறு, மனித உடம்புக்குள் சாவது வேறு. அதற்கு இன்னும் எத்தனை வருடமோ. இதற்கிடையில் ஒருநாள் தட்டொன்றில் பூஞ்சை பிடித்துவிட்டது. எரிச்சலில் அதன் மேலும் சுடரைக் காட்டினேன். மறுநாள் வந்து பார்த்தால் பூஞ்சை இருந்த இடம் துடைத்துவிட்டது போல இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஆடினேன். நாற்பது வயதில், தனியாக, கையில் தட்டோடு.

பூஞ்சை என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது சேற்றுப்புண். எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். நடவுக் காலத்தில் நாளெல்லாம் சேற்றில் நிற்கிற பெண்களுக்கு விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்து வெடித்துவிடும். நடவு முடிகிறவரை ஆறாது. என் அம்மா ராத்திரி காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

ஆக, சம்பா நடவின்போது ஊரிலேயே சோதனை நடத்துவது என்று முடிவாயிற்று. கூட வந்தவள் தோல் மருத்துவர் அஃப்ரீன். மயிலாடுதுறைக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், விதி என்றால் விதி. சோதனைக்கு ஆள் கொடுத்தவள் நீலாம்பாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவள். அவள் படிப்பு அதோடு நின்றது, என் படிப்பு நிற்கவில்லை. இன்று முப்பது பேர் கொண்ட நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி.

அஃப்ரீன் போட்ட திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்தோம். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு கருவிகள். ஒன்று நிஜம். இன்னொன்றின் முனையில் மெல்லிய கண்ணாடி, வெறும் ஊதா வெளிச்சம் மட்டும் வரும். குலுக்கலில் பதினைந்து பேருக்கு ஒன்று, பதினைந்து பேருக்கு மற்றது. ஆளுக்கு ஓர் எண் அட்டை. வாரம் இரண்டு தடவை, மூன்று வாரம், மொத்தம் ஆறு தடவை. எது நிஜம் என்று அந்தப் பெண்களுக்கும் தெரியாது, கருவி பிடிக்கிற எனக்கும் தெரியாது. அஃப்ரீனிடம் இருந்த ஒட்டிய உறைக்குள்தான் விடை. முகத்தைப் பார்த்து நான் இளகிவிடக் கூடாது என்று சமுதாயக்கூடத்தின் குறுக்கே திரையும் கட்டினோம். திரைக்குக் கீழே அறுபது கால்கள் மட்டும் முறை வைத்து வரும். காலோடு அட்டையும் வரும், அதிலுள்ள எண்ணுக்கு உரிய கருவியை எடுப்பேன்.

மூன்று வாரம் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஆய்வுக்குழு. நிஜக் கருவிக்கும் பொய்க் கருவிக்கும் வித்தியாசம் இல்லையென்றால் என் கருவி அலமாரிக்குப் போய்விடும், ஐந்து வருடமும் அதோடு போகும். அஃப்ரீன் உறையைப் பிரித்து எண்களைக் கூட்டினாள்.

"கயல்க்கா, நிஜத்துல பதினஞ்சுக்குப் பதிமூணு பேருக்கு ஆறிருச்சு."

நான் மேசைமேல் ஏறாத குறை.

"இருங்க. பொய்யிலயும் பதிமூணு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கொஞ்ச நேரம் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. மின்விசிறியைத் திட்டினேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: தினமும் சேற்றில் இறங்குகிறவளுக்கு, நடவு நடுவே, வெறும் வெளிச்சத்தில் எப்படிப் புண் ஆறும்? பொய்க் கருவியைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி அப்படியே இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வயலுக்குப் போனேன்.

நீலாம்பாள் நாற்று முடியோடு நிமிர்ந்தாள். "என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? எல்லாருக்கும் ஆறிருச்சே, சந்தோஷமா இரேன்."

"எல்லாருக்கும் ஆறக்கூடாதுடி!"

வரப்பில் நின்று நான் கத்தியதைக் கேட்டுச் செட்டே நடவை நிறுத்திவிட்டது. அவள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணு நல்ல மெஷினு, ஒண்ணு டூப்புன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும். நல்லதுல ஜெராக்ஸ் கடை வாசனை வருது. உனக்கு வரல?"

வராது. அது ஓசோன், சுடர் காற்றில் கிளப்புகிற வாயு. ஐந்து வருடம் அதற்குள்ளேயே கிடந்த என் மூக்கு, வேலையை விட்டு நின்றே நாளாகிவிட்டது.

"தெரிஞ்சு என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வோம்? பங்கு போட்டுக்கிட்டோம். எங்க செட்டுல டீ வந்தாலே முப்பது பங்குதான். நல்லதுக்குப் போற அட்டையை மூணு தடவை அவ வச்சிருந்தா, மூணு தடவை இவகிட்ட மாத்திக் குடுத்துருவா. ஆளுக்கு மூணு நல்லது, மூணு டூப்பு. ஒருத்தி கால் ஆறி ஒருத்தி கால் அழுகினா ஒரே வயல்ல எப்படிடி நடறது?"

திரை கட்டிய மேதாவிகள் நாங்கள். திரைக்கு அந்தப்பக்கம் அட்டை கைமாறியிருக்கிறது, இந்தப்பக்கம் நான் யார் காலென்று தெரியாமல் பயபக்தியோடு சுடர் காட்டியிருக்கிறேன். திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, கால் சறுக்கி வயலில் உட்கார்ந்துவிட்டேன். புடவையோடு.

யார், எந்த நாள், யாருக்கு மாற்றிக் கொடுத்தாள் என்று நீலாம்பாள் அங்கேயே ஒப்பித்தாள். அன்றைக்கு எந்த வயலில் நடவு என்பதை வைத்து ஒவ்வொருத்தியும் சரி பார்த்தாள். ஒரு பிசகு இல்லை. எண்ணிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது: ஆறு தடவை வேண்டாம், மூன்றே போதுமோ என்னவோ! ஆனால் உடைந்த சோதனையை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாதே.

"இனிமே என்ன சோதனை வச்சாலும் நீங்க பங்கு போட்டுத் தொலைப்பீங்க" என்றேன், சேற்றில் உட்கார்ந்தபடியே.

"எங்களுக்குள்ளதானே போடுவோம்? செட்டைப் பிரிக்காத. எங்க செட்டு முழுசுக்கும் ஒண்ணு குடு, வடகரை கமலாம்பா செட்டு முழுசுக்கும் இன்னொண்ணு குடு. போன வருஷத் தாளடியில எங்க வயல் நடவைத் தட்டிப் பறிச்சவளுங்க. அவளுங்களுக்கு ஒரு சொட்டு குடுப்போமா? அவளுங்கதான் எங்களுக்குக் குடுப்பாளுங்களா?"

நான் வாயைப் பிளந்தேன். அந்த இரண்டு மதிப்பெண் சும்மா வரவில்லை.

திங்கட்கிழமை எதையும் மறைக்காமல் சொன்னேன், ஜெராக்ஸ் கடை உட்பட. குழுத் தலைவர் பேராசிரியர் குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நமக்காக அழுகிறாரோ என்று பயந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆளை ஆளாப் பிரிக்காம ஊரை ஊராப் பிரிக்கிறதுக்குப் பெரிய பேரெல்லாம் இருக்கும்மா. முதல்லயே அந்தம்மாவைக் கேட்டிருக்கலாம். அடுத்து வர்ற தாளடி நடவுல மறுபடி பண்ணுங்க."

தாளடி நடவு தொடங்கியது, புண்ணும் கூடவே வந்தது. வாய்க்கால் பாலத்தின் மேல் சீட்டுக் குலுக்கினோம். நீலாம்பாள் செட்டுக்குச் சுடர், மூன்றே தடவை. கமலாம்பாள் செட்டுக்கு ஆஸ்பத்திரியில் வழக்கமாகத் தருகிற களிம்பு. மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பார்ப்பது, அதன் பிறகு எல்லாருக்கும் சுடர் என்று பேச்சு. நீலாம்பாள் குலவை போட்டாள். பாலத்துக்கு அந்தப்பக்கம் கமலாம்பாள் காறித் துப்பினாள். அறிவியலுக்கு இதைவிட நல்ல வேலி கிடைக்காது என்று எனக்கு ஒரே குஷி.

இரண்டாவது வாரத்திலிருந்து நீலாம்பாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "இன்னும் எத்தனை நாள்டி?"

ஜெயித்ததைப் பீற்றிக்கொள்ளத் துடிக்கிறாள் என்று நினைத்து எரிந்து விழுந்தேன். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் கமலாம்பாள் நொண்டி நொண்டி நாற்று சுமப்பது என் கண்ணிலும் பட்டது. வேலி என்றால் வேலிதான் என்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

கடைசி நாள் கால்களைப் பார்த்து முடித்துவிட்டு, மறுநாள் காலை நான் பாபநாசம் பஸ்ஸில் இருந்தபோது அஃப்ரீன் போன் செய்தாள். விதிக்காரி, ஹலோகூடச் சொல்லவில்லை. "கயல்க்கா, உங்க ஊர் செட்டுல முப்பதுக்கு இருபத்தாறு. வடகரையில எட்டு!" இன்னும் பல ஊர்களில் செய்தால்தான் உலகம் நம்பும் என்று அவள் ஏதோ தொடர்ந்தாள், நான் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் கீரைக்கட்டோடு இருந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டார், அவர் கையையும் குலுக்கினேன்.

சமுதாயக்கூடத்துக்கு ஓடினால், எனக்கு முன்னால் அங்கே கூட்டம். கமலாம்பாள் செட்டு முழுவதும் வரிசையில் நிற்கிறது. பக்கத்திலேயே நீலாம்பாள் செட்டும் நிற்கிறது. விடியும்போதே போய்ப் பாலத்தைத் தாண்டி நீலாம்பாள்தான் கூட்டி வந்திருக்கிறாள். நடக்க முடியாத கமலாம்பாளைத் தன் மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து.

"கணக்கு நேத்தோட முடிஞ்சுதுல்ல?" என்றாள் என்னிடம்.

"முடிஞ்சுது."

"அப்ப போடு மெஷினை. இருபத்தொரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், உன் கணக்கு கெட்டுறக் கூடாதுன்னு."

"வயலைப் பறிச்சவளுங்க, ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்னு சொன்னியேடி?"

"கோவம் அவளுங்க மேலதாண்டி. காலு என்ன செஞ்சுது?"

எனக்கு அழுகை வந்தது. மறைக்கத் திரைகூட இல்லை, இந்தத் தடவை நாங்கள் கட்டவே இல்லை. கமலாம்பாள் வெடித்த காலை நீட்டினாள். நீலாம்பாள் குந்தி உட்கார்ந்து அந்தக் கணுக்காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் சுடரைப் பற்றவைத்தேன்.

கமலாம்பாள் மூக்கைச் சுளித்தாள். "என்னாது இது, ஜெராக்ஸ் கடை வாசனை?"

நீலாம்பாள் செட்டு முப்பது பேரும் சிரித்த சிரிப்பில் என் கை ஆடி, சுடர் கமலாம்பாளின் பெருவிரலுக்குப் போய்விட்டது.