கொடும்பாவிக்கு ஒரு வேட்டி

சிவப்பிரகாசத்துக்கு வாதத்தில் தோற்கத் தெரியாது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நல்ல நன்செய், புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சில வருஷப் படிப்பு, யார் எதைச் சொன்னாலும் "எப்படி நிரூபிப்ப?" என்று கேட்கிற வாய். மூன்றில் அந்த வாயைத்தான் அவர் பெரிய சொத்தாக நினைத்திருந்தார்.

சாயங்காலமானால் சண்முகசுந்தரத்தின் மளிகைக்கடை வாசலில் வந்து உட்காருவார். சண்முகசுந்தரம் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். இவரோ சாமியே இல்லை என்கிறவர். "சாமி எல்லாரையும் படைச்சாருன்னா சேரியில ஒருத்தன ஏன் படைக்கணும்?" என்று இவர் ஆரம்பிப்பார். "சேரியக் கட்டினது சாமியா, நீயும் நானுமா?" என்று புளியை நிறுத்துக்கொண்டே அவர் கேட்பார். வருஷக்கணக்காக இப்படித்தான். இருவரில் ஒருவரும் அரை அங்குலம் நகர்ந்ததில்லை. ஆனால் இவர் வராத நாளில் அவருக்குக் கடையில் கை ஓடாது.

பாகூர் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்த காலம் அது. அந்த வருஷம் ஐப்பசி முழுக்கக் காய்ந்தது. கார்த்திகையும் பிறந்துவிட்டது. ஏரி நடுவில் மாடு மேய்ந்தது. நாற்றங்கால் கருகியதைப் பார்த்துப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். கொடும்பாவி கட்டி இழுக்கலாம் என்று ஊர் பேச ஆரம்பித்தது. மழை பொய்த்தால் வைக்கோலில் ஆள் மாதிரி ஒரு பொம்மை செய்து, அதுதான் மழையைத் தடுத்த பாவி என்று தெருத்தெருவாக இழுத்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து, கடைசியில் ஏரிக்கரையில் கொளுத்துவார்கள். பொம்மைக்குப் பேர் கிடையாது. ஏதோ ஒரு கந்தலைச் சுற்றுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எப்போதோ ஒரு முறை உயிரோடிருந்த ஒருவரின் துணியைக் கட்டி இழுத்தார்களாம். துணிக்குச் சொந்தக்காரர் அன்றைக்கே ஊருக்குச் செத்தவர் ஆகிவிட்டார். நாவிதர் வரவில்லை, வண்ணார் வரவில்லை, ஊர்க் கிணற்றில் குடம் இறக்க விடவில்லை. அந்தக் குடும்பம் நெட்டப்பாக்கம் பக்கம் குடிபோனது என்று சொல்வார்கள்.

இந்த வருஷமும் ஒரு துணி வேண்டும் என்று நாட்டாண்மை நாகராஜன் மாரியம்மன் கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார். அவர் கேட்டது கலியம்மாளின் புடவையை.

கலியம்மாள் சிவப்பிரகாசத்தின் பங்காளி அண்ணன் மனைவி. புருஷன் செத்தபிறகு ஏரிக்குக் கீழே இருக்கிற கழனியைத் தனியாளாக நின்று பார்க்கிறவள். சேரிக் கிணறு வற்றியதும், குடத்தோடு வந்த சனங்களைத் தன் கழனிக் கிணற்றில் தண்ணீர் சேந்தச் சொல்லிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.

"சேரி ஆளுங்க கைபட்ட கயிறு கழனிக் கெணத்துல தொங்குது. அன்னையிலேர்ந்து ஒரு தூத்தல் உண்டா?" என்றார் நாகராஜன்.

சிவப்பிரகாசம் எழுந்தார். உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை மறைப்பானேன்? இப்படி ஒரு வாதத்துக்குத்தானே வாய் காத்திருந்தது.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கறது இன்னா ஊரு?"

"இங்கிலீஷ்காரன் ஊரு."

"அங்க மழை பேஞ்சுதா?"

"எங்க பேஞ்சுது? அங்கயும் காஞ்சுதான் கெடக்குது."

"எங்க அண்ணி பிரெஞ்சு எல்லையில பாவம் பண்ணா, இங்கிலீஷ் எல்லையில இன்னாத்துக்குக் காயணும்? பாவம் சுங்கச்சாவடி தாண்டிப் போவுதா?"

கூட்டம் சிரித்தது. நாகராஜனும் சிரித்தார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"பேச்சுல உன்ன ஜெயிக்க முடியாது. செரிபா, இது பாவம் இல்லன்னு நீ எப்படி நிரூபிப்ப?"

தன் கேள்வி தன் மேலேயே திரும்பியதும் சிவப்பிரகாசத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. காலையில் கழனிக்குப் போனபோது கிழக்குக் காற்று அடித்ததும், தட்டான்கள் தாழப் பறந்ததும் ஞாபகத்துக்கு வந்தன.

"அமாவாச வரைக்கும் பொறுங்க. அவங்க இங்கியே இருக்கட்டும், சேரி சனம் தண்ணி சேந்திக்கினே இருக்கட்டும். அதுக்குள்ள மழை பேஞ்சா அதுல பாவம் இல்லன்னு ஒத்துக்கணும். பேயலன்னா உங்க இஷ்டம்."

ஊர் ஒத்துக்கொண்டது. சண்முகசுந்தரம் மட்டும் தலையாட்டவில்லை; துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சிவப்பிரகாசம் நேரே கலியம்மாளின் கழனிக்கு நடந்தார். கிணற்றடியில் சேரிப் பக்கிரியின் மனைவி சின்னபொண்ணு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். கலியம்மாள் வரப்பில் உட்கார்ந்து அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"மழை பேஞ்சா நான் நல்லவ. பேயலன்னா நான் பாவி. அப்படித்தானே?"

"பேயும் அண்ணி. காத்து திரும்பிடுச்சி."

"நான் அதக் கேக்கல தம்பி. நாகராஜன் என் ஞாயத்த மேகத்துகிட்ட வுட்டான். நீயும் அதே மேகத்துகிட்டதான் வுட்டுட்டு வந்திருக்க. தாகம்னு வந்தவங்களுக்குத் தண்ணி வுட்டது செரியா தப்பான்னு சொல்ல ஒனக்கு எதுக்கு மேகம்?"

அவர் கிழக்கு வானத்தைப் பார்த்தார்.

"இந்த வருஷம் பேயுது, நீ ஜெயிச்ச. அடுத்த வருஷம் பேயலன்னா? என் பொடவையத் தேடிக்கினு வருவானுங்க. ஊருக்கு அந்த வழியக் காட்டிக் குடுத்தது நீதான்." அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "எல்லாரும் ஒண்ணு, எல்லாரும் ஒண்ணுன்னு கடை வாசல்ல பேசறியே, இந்தக் கெணத்துல என்னிக்காவது ஒரு சொம்பு தண்ணி குடிச்சிருக்கியா?"

"எங்க வூட்டுக்கு ஊர்க் கெணத்துத் தண்ணிதான் அண்ணி. கனகாம்பாள்தான் கொண்டாருவா," என்று மனைவியைச் சாக்காகச் சொன்னார்.

"அதான பாத்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே வந்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். வடகிழக்கில் ஒரு கீற்று மேகம் கண்டால் அது கலையும் வரைக்கும் அங்கேயே நின்றார். அண்ணாந்து நின்ற ஒரு பொழுதில், தான் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருப்பது அவருக்கே உறைத்தது. சாமி இல்லை என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன்! அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கலியம்மாள் சொன்னது எவ்வளவு சரி என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அமாவாசையன்று மத்தியானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மைதானத்தில் வைக்கோல் பொம்மை தயாராகக் கிடந்தது. ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரம் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்.

"ஜெயிச்சிட்டய்யா! இன்னும் செத்த நேரம் பேசாம இரு. வானமே உன் கட்சிக்கு வந்துடுச்சி."

சிவப்பிரகாசம் இருக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

"நான் போட்ட பந்தயம் தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன். மழை பேஞ்சாலும் பேயாட்டாலும் எங்க அண்ணி பண்ணது செரிதான். அதுக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "பயந்துட்டான்," என்றது ஒரு குரல். "அப்ப மழைய நிறுத்தினது யாரு? பாவி இல்லாம கொடும்பாவியா?" என்று கத்தியது இன்னொன்று. நாகராஜன் கையைத் தூக்கி அடக்கினார்.

"ஊருக்கு ஒரு பாவி வேணும்பா. அவ இல்லன்னா யாரு?"

"ஒரு பாவிதானே? ரெண்டு வேணாமே?"

"ஒண்ணு போதும்."

சிவப்பிரகாசம் நண்பரின் பக்கம் திரும்பினார். "நீ சாஸ்திரம் தெரிஞ்சவன். ஊருக்குச் சொல்லு. தாகத்துக்குத் தண்ணி குடுக்கறது பாவமா, சாமியே இல்லன்னு தெனம் உன் கடை வாசல்ல சத்தியம் பண்றது பாவமா? எது பெருசு?"

சண்முகசுந்தரத்தின் முகம் சுண்டிவிட்டது. பொய் சொன்னால் சாமிக்கு ஆகாது, உண்மை சொன்னால் சிநேகிதன் போனான்.

"தண்ணி குடுக்கறது பாவம்னு எந்த சாஸ்திரமும் சொல்லல," என்றார் மெதுவாக. "சாமி இல்லங்கறதுதான் பெரும் பாவம்." சொல்லி முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

சிவப்பிரகாசம் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து நாகராஜன் கையில் கொடுத்தார். "பொம்மைக்குக் கட்டுங்க. பேரும் என் பேருதான். ஆனா இன்னையோட அந்தக் கெணத்துப் பேச்ச ஊரு எடுக்கக்கூடாது."

நாகராஜன் வேட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மழை விழுவதற்குள் கொடும்பாவியை இழுத்தாக வேண்டிய அவசரம் அவருக்கு. மறுக்க நேரமில்லை.

பறை முழங்கியது. வைக்கோல் சிவப்பிரகாசத்தைத் தெருத்தெருவாக இழுத்தார்கள். சிவப்பிரகாசம் தன் சாவுக்குத் தானே பின்னால் நடந்து போனார். மாரில் அடித்துக்கொண்ட பெண்களில் இரண்டு பேர், அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஏரிக்கரையில் நெருப்பு வைத்தார்கள். வேட்டி பற்றி எரிந்து முடிவதற்குள் முதல் துளி விழுந்தது. அப்புறம் ஊற்றியது. அப்படி ஒரு மழை!

"பாத்தீங்களா! பாவி எரிஞ்சான், மழை எறங்குச்சி!" ஊர் குதித்தது. கிழவர்கள்கூட நனைந்துகொண்டே ஆடினார்கள்.

சிவப்பிரகாசத்தின் நாக்கு துடித்தது. மேகம் மத்தியானமே வந்துவிட்டது, வேட்டியை எரித்ததற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம், எப்படி நிரூபிப்பீர்கள் என்று கேட்க ஒரு மூச்சு போதும். அவர் பிறந்ததே இந்தக் கேள்வியைக் கேட்கத்தான். ஆனால் கேட்டுவிட்டால் இந்தப் பாவி பொய்ப் பாவி ஆகிவிடுவான். ஊர் உண்மைப் பாவியைத் தேடத் தொடங்கும். தேடி எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும்.

சண்முகசுந்தரம் பக்கத்தில் வந்து நின்று, "இன்னாய்யா சொல்ற?" என்று காதோரம் கேட்டார். அவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"நான்தான் பாவி," என்றார் சிவப்பிரகாசம். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஊரறிய ஒரு வாதத்தில் தோற்றார்.

தை பிறக்கும் வரைக்கும் ஊர் அவரைத் தள்ளி வைத்தது. நாவிதர் வராமல் தாடி வளர்ந்தது. ஊர்க் கிணற்றில் குடம் இறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கனகாம்பாள் வெறுங்குடத்தை அவர் முன்னால் டக்கென்று வைத்தாள். "பாவி ஆனது நீங்க. தண்ணியும் நீங்களே கொண்டாங்க."

விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு கலியம்மாளின் கழனிக்குப் போனார். ஒரு மழைக்குச் சேரிக் கிணறு ஊறிவிடவில்லை. குடங்கள் வரிசையாக இருந்தன. கயிறு சின்னபொண்ணு கையில் இருந்தது. அவரைக் கண்டதும் அவள் கயிற்றை விட்டுவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றாள். மற்றவர்களும் விலகினார்கள்.

"சேந்திக்கோங்க ஆண்டே."

அவருடைய கால் தானாக முன்னால் போனது. கயிறு வரைக்கும் போனது. கை நீட்டியும் ஆகிவிட்டது. வரிசையில் இருந்த அத்தனை குடங்களையும் தாண்டி வந்து நிற்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கடை வாசலில் பேசிய பேச்செல்லாம் வாயில் இருந்ததே தவிர, காலுக்கு வந்து சேரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றார். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் தெரியவில்லை.

வரப்பிலிருந்து கலியம்மாளின் குரல் வந்தது.

"கொடத்த கடைசியில வை தம்பி. சின்னபொண்ணு, நீ சேந்துடி."