பெரியக்கா சாப்பிடப் போயிருந்தாள்

தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் வந்தபோதுதான் சின்னவள் அதை முதல்முறையாகக் கேட்டாள்.

"பெரிய இதய டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டணும்னு நாங்கதான் அனுப்பி வச்சோம் சார். சித்தியும் கூடப் போனாங்க. போன எடத்துல இப்படி ஆயிடுச்சு."

பெரியக்காவின் மகன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவனுடைய மேலதிகாரி. கூடத்தின் நடுவில், குளிர்பெட்டிக்குள், பெரியக்கா படுத்திருந்தாள். அவளுக்குப் பிடிக்காத ஊதா நிறச் சேலையை யாரோ எடுத்துக் கட்டிவிட்டிருந்தார்கள்.

"செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கீங்க," என்றார் அதிகாரி. "அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு."

பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா, பெரியக்காவின் கணவர், "ஆமா, ஆமா" என்று மூக்கை உறிஞ்சினார்.

சின்னவள் தட்டை ஒரு காலி நாற்காலியில் வைத்துவிட்டு, யாருக்கும் எடுத்துக் கொடுக்காமல், சமையலறைக்குத் திரும்பினாள். காது மடல் சுட்டது. எந்த டாக்டர்? யார் அனுப்பினார்கள்?

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் அவர்கள் இருவரும். வீட்டில் பெரியவள், சின்னவள் என்றே பெயர் நின்றுவிட்டது. சின்னவளுக்குப் பேருந்து நிலையத்தில் முன்பதிவு சன்னலில் வேலை. பெரியக்கா ஆஸ்பத்திரியின் பத்தியச் சமையலறையில் இருந்தாள். உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் இல்லாத கறி, சர்க்கரை இல்லாத பால். காலை முழுக்க அதைக் கிளறி, நாக்கில் வைத்துப் பார்த்து, வார்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே வயிற்றுப்புண்காரரான மாமாவுக்கு அதே காரமில்லாத சமையல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு அந்தப் புண் ஆறவில்லை.

"எனக்கு நாக்கு செத்து ரொம்ப நாளாச்சு சின்னு," என்று ஒருநாள் காய் நறுக்கும்போது சொன்னாள் பெரியக்கா. "எங்கயாவது போய் உக்காரணும். எவளோ ஆக்கி, எவனோ கொண்டுவந்து வைக்கணும். நான் பாட்டுக்குத் தின்னணும்."

"எங்க போவோம்?"

"பெரிய ஊருக்கு. போனா ஒரு வேளைக்குப் போகக்கூடாது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சாப்பாடு மட்டுந்தான். வேற ஒண்ணையும் பார்க்க வேணாம்."

அப்படி ஆரம்பித்தது. எங்கே சாப்பிடுவது என்று பெரியக்கா கேட்டது யாரிடம் தெரியுமா? வார்டில் பத்தியத்தில் கிடந்தவர்களிடம். வாய் கட்டப்பட்டவர்களைப்போல ருசியைப் பற்றிப் பேச யாராலும் முடியாது என்பாள். கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "அந்த ஊர்ல காலையில எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்பாள். படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த லாரி டிரைவர் ஒருவர், துறைமுகத்துப் பின்தெருவில் ஒரு மீன் கடையைச் சொன்னார். "அந்தக் கொழம்ப ஊத்தினா செருப்பக்கூடத் தின்னுடலாம்மா" என்றாராம். அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தினமும் இரவுச் சமையலின்போது திட்டம் வளரும், சண்டையும் வரும். காலையில் முட்டைக்கறியும் ரொட்டியும் தின்றுவிட்டு மதியம் மீனுக்கு வயிறு ஏது என்பாள் சின்னவள். நடுவில் கடற்கரை ஓரமாக நடந்தால் இறங்கிவிடும் என்பாள் பெரியக்கா. இரண்டு கடைகளுக்கு நடுவே எந்தத் தெரு வழியாக நடப்பது என்பதுவரை முடிவானது. பெரியக்கா சில சட்டங்களும் போட்டாள். வீட்டில் செய்யத் தெரிந்த எதையும் அங்கே தொடக்கூடாது. எந்தக் கடையிலும் சமையலறைப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூடாது. முக்கியமாக, வீட்டில் இருக்கும் எவருக்கும் பொட்டலம் கட்டி வாங்கிவரக்கூடாது.

இரண்டு தடவை பயணம் தள்ளிப்போனது. முதல் தடவை கிளம்பும் அன்று காலை மாமாவுக்கு வயிற்றுவலி வந்தது. மறு தடவை, "ரெண்டு பொம்பளைங்க தீனி திங்கறதுக்குன்னு பஸ் ஏறிப் போறீங்களா, வெளிய தெரிஞ்சா எவனும் வாயால சிரிக்க மாட்டான்" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சின்னவளின் கணவன், அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவன், "அடுத்த மாசம் பார்த்துக்கலாமே" என்றான்.

அந்த இடைவெளியில்தான் பெரியக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிப்படியில் துணி காயப்போட ஏறினால் நடுப்படியில் நின்றுவிடுவாள். சாப்பாட்டு மேசையில் சின்னவள்தான் அதை எடுத்தாள்.

"அக்காவ ஒரு டாக்டர்கிட்டக் காட்டணும் மாமா."

"வாயு," என்றார் மாமா, குழைந்த சோற்றைப் பிசைந்தபடி. "ஒரு கசாயம் வச்சுக் குடிச்சா சரியாப் போகும்."

மகனிடமும் தொலைபேசியில் சொன்னாள். "ஆஸ்பத்திரியிலயேதான வேல பார்க்கறாங்க, அவங்களுக்குத் தெரியாதா சித்தி" என்றான். பெரிய ஊருக்குப் போகும்போது அங்கேயே காட்டிவிடலாம் என்று சின்னவள் சொன்னபோது, பெரியக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்த ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரி வாசனையே எனக்கு வேணாம் சின்னு. வந்த பெறகு எங்க கூப்பிட்டாலும் வர்றேன்." மூன்றாவது தடவைதான் இருவராலும் பேருந்து ஏற முடிந்தது.

சமையலறை வாசலில் நிழல் விழுந்தது. மகன்.

"என்ன சித்தி, டீய அங்க வச்சிட்டு வந்துட்டீங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

"யாரு அனுப்பினது உங்கம்மாவ? எந்த டாக்டர்கிட்ட?"

அவன் கதவை லேசாகச் சாத்தினான். "மெதுவாப் பேசுங்க. வேற என்னன்னு சொல்லச் சொல்றீங்க? தீனி திங்கப் போன எடத்துல செத்துட்டாங்கன்னா?"

"ஆமா. அதத்தான் சொல்லணும். அதுதான நடந்தது."

"என் ஆபீஸ்லேருந்து ஆளுங்க வந்திருக்காங்க சித்தி. அம்மாவுக்குன்னு ஒரு மரியாத இருக்கு."

"சாப்பிடறதுல என்ன மரியாத போச்சு? அவங்க ஆக்கிப் போட்டு நீ தின்னப்ப போகாத மரியாத, அவங்க போய் உக்காந்து தின்னாப் போயிடுமா?"

"நீங்க இப்ப கோவத்துல இருக்கீங்க."

"கோவத்துலதான் இருக்கேன் தம்பி. ஒருத்தரும் அவங்கள டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகல. இப்ப செத்த பெறகு கூட்டிட்டுப் போறீங்க."

அவன் வெளியே போனான். பின்னாலேயே அவள் கணவன் வந்தான். இரவு முழுக்கத் தூங்காத கண்கள். "இந்தா பாரு, இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு. வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டா முடிஞ்சுது."

"எது முடிஞ்சுது?" என்றாள் சின்னவள்.

அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மதியம் தாண்டிப் பத்தியச் சமையலறைப் பெண்கள் வந்தார்கள். காலை வேலையை முடித்து, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், நேராக வந்திருந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்ததும் கூடத்தில் வேகவைத்த காய்கறி வாசனை வந்தது. வரிசையாக நின்று பெட்டியைத் தொட்டார்கள். அவர்களில் மூத்தவள், எல்லோரும் கரண்டியம்மா என்று கூப்பிடுகிறவள், குனிந்து கண்ணாடி வழியே பெரியக்காவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. நிமிர்ந்து, கூடத்தில் கண்களை ஓட்டிச் சின்னவளைக் கண்டுபிடித்தாள்.

"நீதான சின்னு? கூடப் போனது?"

"ஆமாம்மா."

"அந்த மீன் கடை கெடச்சுதா? டிரைவர் சொன்னது? காலையிலேருந்து அந்த மனுசன் கேட்டுக்கிட்டே கெடக்கறார். செய்தியச் சொன்னோம். அழுதார். அழுதுட்டு, கடைக்குப் போனாங்களா இல்லையா, அத மட்டும் விசாரிச்சுட்டு வாங்கன்னார்."

மேலதிகாரி கோப்பையிலிருந்து கண்களை எடுத்தார். மகன் எழுந்தான்.

"இல்லம்மா, அவங்க ஒரு டாக்டரப் பார்க்கத்தான்..."

"டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் சின்னவள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. "நாங்க சாப்பிடத்தான் போனோம்."

மாமா தலை நிமிர்ந்தார். "என்ன பேச்சு இது, நாலு பேர் முன்னாடி."

"மூச்சு வாங்குதுன்னு சொன்னப்ப வாயுன்னு சொன்னீங்களே மாமா. அதையும் நாலு பேர் முன்னாடி சொல்லட்டுமா?"

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி பக்கம் திரும்பினார். சின்னவளின் கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெடச்சுதும்மா," என்றாள் சின்னவள் கரண்டியம்மாவிடம். "தெருவ ரெண்டு தடவ சுத்தினோம். பேர்ப் பலகையே இல்ல அந்தக் கடைக்கு. வாசனைய வச்சு அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

"அப்படிச் சொல்லு."

"காலையில எறங்கினதும் ரொட்டி, முட்டைக்கறி. அது சுமார்தான். இதுக்கா இவ்வளவு பேச்சுன்னு அக்காவுக்குக் கோவம். அந்தக் கடையச் சொன்ன நோயாளிய வந்து வச்சுக்கறேன்னாங்க. பெறகு நடந்தோம். நடுவுல ரெண்டு எடத்துல உக்காந்தோம். மீன் கடையில எங்களுக்கு மூலையில எடம் கெடச்சுது."

"கொழம்பு எப்படி?" என்று கேட்டாள் இன்னொரு பெண், சுவரோரமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே. "காரமா, புளிப்பா?"

"ரெண்டும். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அக்காவுக்கு. தொடைக்கவே இல்ல. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினாங்க. மூணாவது தடவையும். கடைக்காரர் சிரிச்சுட்டார்."

"முள்ளு?"

"நடுமுள்ளு மட்டுந்தான். உருவினா வந்துடுச்சு."

"அப்ப பெரிய மீனுதான்," என்றாள் அந்தப் பெண், பக்கத்தில் இருந்தவளிடம்.

மேலதிகாரி மெல்ல எழுந்து, மகனின் தோளைத் தட்டிவிட்டு, செருப்பைத் தேடினார். அவரைத் தொடர்ந்து இன்னும் இருவர் எழுந்தார்கள். மகன் வாசல்வரை அவர்களோடு போனான். சின்னவள் நிறுத்தவில்லை. சாயங்காலம் பனிக்கூழ் கடை வரிசையில் நின்றதையும், "கொஞ்சம் உக்காரலாம் சின்னு" என்று பெரியக்கா சொன்னதையும், பலகையில் உட்கார்ந்து தன் தோளில் தலை சாய்த்ததையும் சொன்னாள். களைப்பென்று நினைத்ததையும் சொன்னாள். வரிசை நகர்ந்து, பின்னால் நின்றவர் "நீங்க போங்க" என்று கையைக் காட்டியபோதுதான் தெரிந்ததென்றாள்.

கரண்டியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. மீன் கடையில் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுக்க ஒருவன் வந்தான். பெரியக்காவின் கைகள் தாமாகவே எழுந்து தட்டைப் பிடித்தன. பிறகு நினைவு வந்தவள்போல விட்டாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தட்டு மேசைகளுக்கு நடுவே போய், ஒரு திரைக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி வந்தது. பத்தியச் சமையலறைப் பெண்களும் ஒரு பக்கம் பிடித்தார்கள். ஆண்கள் விலகச் சொன்னபோது, "தெனமும் அண்டா தூக்கற கைதான், நீங்க நகருங்க" என்றாள் கரண்டியம்மா.

எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மகன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சின்னவளின் கணவன் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சின்னவள் பின்கட்டில், துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

மாமா குளித்துவிட்டு வந்து பின்வாசலில் நின்றார்.

"நேத்திக்கு எனக்குன்னு அவ ஆக்கி வச்சிட்டுப் போனது ஃப்ரிஜ்ஜுல இருக்கும்," என்றார். "மாத்திரை போடணும். சூடு பண்ணிக் குடுத்தியானா..."

சின்னவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஈரத் தலை சரியாகத் துவட்டப்படாமல் காதோரம் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் மூடிய எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில், அதோடு சேர்த்துச் சாப்பிட, தோலெடுத்து மசித்த காய். கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி, தட்டு நகராமலிருக்க அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தாள் பெரியக்கா.

டப்பாவையும் கிண்ணத்தையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் தீப்பெட்டியை வைத்தாள்.

மாமா தீப்பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் மீண்டும் பின்கட்டுக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் நாற்காலி நகர்ந்தது. ஓர் இழுப்பறை திறந்து மூடியது. இன்னொன்று. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. மேல்தட்டில் எதையோ நகர்த்தும் சத்தம், மறுபடி கீழே, முதலில் திறந்த அதே இழுப்பறை. ஒரு கரண்டியைத் தேடி மாமா அந்தச் சமையலறை முழுக்க ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். கையெட்டும் தூரத்தில், அடுப்புக்கு நேர்மேலே, கரண்டிகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.